கலை வரலாறு படித்துவிட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர் ஆவது எப்படி: நெட் தேர்விலிருந்து துறைத் தலைவர் பொறுப்பு வரை

கலை வரலாற்றுக்கு நம் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. ஒரு துறையில் ஓர் இடம் நிரம்பிவிட்டால் அது மறுபடி காலியாக ஒரு தலைமுறைகூட ஆகலாம். அப்படி வரும் ஓர் இடத்துக்கு விண்ணப்பித்தால், வடிகட்டும் குழுவினர் உங்கள் ஆய்வேட்டைத் திறந்து பார்க்க மாட்டார்கள். பட்டத்தின் பெயர், மதிப்பெண் சதவீதம், சான்றிதழில் உள்ள தேதி, முத்திரை ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். உங்கள் அறிவைப் பற்றிய கேள்வி நேர்காணல் அறைக்குள் போன பிறகுதான் வரும். ஒரு சிற்பம் எந்தக் கோயிலிலிருந்து எந்த அருங்காட்சியகத்துக்கு எப்படிப் போனது என்று தாள் தாளாகத் தேடுகிற நாம், நம்முடைய தாள்களை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரிக்கு மேல் வைத்துவிடுகிறோம்.

நான் தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு நடத்துகிறேன். துறைத் தலைவர் பொறுப்பையும் பார்த்திருக்கிறேன். கீழே உள்ளவை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையைப் பின்பற்றும் மத்திய, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தும். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வருவதால் அங்கே பணி விதிகள் தனி. 2025 ஜனவரியில் யுஜிசி ஒரு புதிய வரைவையும் வெளியிட்டது. ஆகவே விளம்பரத்தில் எந்த ஆண்டின் ஒழுங்குமுறை குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

1. முதலில் உங்கள் பட்டத்தின் பெயரைப் பாருங்கள்

கலை வரலாற்றுக்கு நாடு முழுவதும் ஒரே பெயரில் பட்டம் கிடையாது. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அது கலை வரலாறு மற்றும் அழகியல் துறை. சாந்திநிகேதன் கலாபவனில் கலை வரலாற்றுத் துறை. டெல்லி ஜேஎன்யூவில் ‘கலை மற்றும் அழகியல்’ என்ற பெயரில் எம்ஏ. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் நுண்கலைத் துறை. இவை போக, பண்டைய வரலாறும் தொல்லியலும் படித்துவிட்டுச் சிற்பத்தில் ஆய்வு செய்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் ‘விஷுவல் ஆர்ட்ஸ் (கலை வரலாறு)’ என்றோ, ‘ஹிஸ்டரி ஆஃப் ஆர்ட்’ என்றோ, வெறும் ‘நுண்கலை’ என்றோ இருக்கும். அதற்குப் பக்கத்தில் ‘அல்லது தொடர்புடைய பாடம்’ என்ற சொற்கள் இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் எது தொடர்புடையது என்று முடிவு செய்வது அந்தப் பல்கலைக்கழகத்தின் வடிகட்டும் குழு. ஒரு பல்கலைக்கழகத்தில் ‘அழகியல் என்பது தத்துவப் பாடம்’ என்று காரணம் எழுதி என் விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். தற்காலிகப் பட்டியல் வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். அந்த நாட்களுக்குள், முத்திரையிட்ட பாடத்திட்ட நகலை அனுப்ப முடிந்ததால் என் பெயர் மறுபடி சேர்க்கப்பட்டது. பாடத்திட்டம் கையில் இல்லாதிருந்தால், படித்த ஊருக்கு ரயில் ஏறுவதற்குள் தேதி முடிந்திருக்கும்.

ஆகவே முதுகலை முடிக்கும் போதே, அந்த வளாகத்தை விட்டு வருவதற்கு முன்பே, இவற்றை வாங்கிவிடுங்கள்:

– நான்கு பருவங்களின் முழுப் பாடத்திட்டம், பக்கத்துக்குப் பக்கம் துறை முத்திரையோடு.
– ‘இந்தப் பட்டம் கலை வரலாற்றில் வழங்கப்பட்டது’ என்று துறைத் தலைவரோ பதிவாளரோ தாள் தலைப்பில் எழுதித் தரும் கடிதம்.
– தரப்புள்ளியைச் சதவீதமாக மாற்றும் சூத்திரம் பற்றிய சான்று. இதைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்தான் தர வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சூத்திரம் மாறும். பத்தால் பெருக்கி நீங்களே ஒரு சதவீதத்தை எழுதினால் வடிகட்டும் குழு ஏற்காது.

முதுகலையில் 55 சதவீதம் தேவை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயர் அல்லாத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 சதவீதம்.

விளம்பரத்தில் பட்டத்தின் பெயர் பற்றிச் சந்தேகம் எழுந்தால் கடைசித் தேதிக்கு முன்பே பணியமர்த்தல் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் வந்தால் அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். தொலைபேசியில் ‘போடுங்க சார், பார்த்துக்கலாம்’ என்று சொல்பவரின் பேச்சுக்குப் பிற்பாடு எந்த மதிப்பும் இருக்காது.

விஷுவல் ஆர்ட்ஸ் பணியிடங்களுக்கு முதுகலை இல்லாமல் கண்காட்சி அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்கும் ஒரு வழியும் 2018 ஒழுங்குமுறையில் உண்டு. அது ஓவியர், சிற்பிகளுக்காக எழுதப்பட்டது. கலை வரலாற்றாளர் அதை நம்பி இறங்க வேண்டாம்.

2. நெட் தேர்வு

2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு அடிப்படைத் தகுதி நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). அந்த நிலையில் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஆண்டுக்கு இரு முறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் நெட் தேர்வு நடக்கும். நமக்கான பாடம் விஷுவல் ஆர்ட்ஸ், குறியீட்டு எண் 79. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள். இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம், ஒரே அமர்வு. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஆகவே எதையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள். 2024இல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 600, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 325.

பாடத்தில் எங்கே சறுக்குவோம் என்றால், அஜந்தாவிலும் சோழர் செப்புத் திருமேனிகளிலும் அல்ல. விஷுவல் ஆர்ட்ஸ் என்பதால் கேள்விகள் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, விளம்பரக் கலை எல்லாவற்றிலிருந்தும் வரும். லித்தோகிராஃபி கல்லில் மை எப்படி ஒட்டுகிறது, அக்வாடின்டில் பிசின் தூள் எதற்கு, எழுத்துருவில் செரிஃப் என்பது எது என்று கேட்பார்கள். பட்டறைப் பக்கம் போகாமல் நூலகத்திலேயே இரண்டாண்டைக் கழித்தவர்களுக்கு இது தலைவலி. தீர்வு எளிது: உங்கள் கல்லூரியின் அச்சுக்கலைப் பட்டறையில் சில பிற்பகல்கள் போய் நில்லுங்கள். தகடு அமிலத்தில் கிடப்பதை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தக் கேள்விகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்கள் என்று முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

2024 ஜூனிலிருந்து முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதியும், முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும். மூன்றாவது வகையில் வந்தவர்கள் ‘நெட் முடித்துவிட்டேன்’ என்று ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது செல்லாது, கட்டணமும் திரும்பாது. ஜேஆர்எஃப் பெற வயது வரம்பு 30, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை. செட் தேர்வு எழுதினால் அது அந்தந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். கலை வரலாற்றுக்கு ஒரே மாநிலத்தை நம்பியிருக்க முடியாது என்பதால் என் ஓட்டு நெட்டுக்கே.

3. முனைவர் பட்டம்: அனுமதிக் கடிதங்களுக்கு ஒரு பருவத்தை ஒதுக்குங்கள்

கட்டாயமில்லை என்றாலும் முனைவர் பட்டம் இல்லாமல் நேர்காணல் பட்டியலுக்குள் வருவது கடினம். காரணம் அடுத்த பகுதியில். குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். ஜேஆர்எஃப் இருந்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆகும்போது 42,000. உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று எண்ணி வீடு பிடிக்காதீர்கள். கையிருப்பு கொஞ்சம் இருக்கட்டும்.

கள ஆய்வில்தான் காலம் கரையும். தமிழ்நாட்டுக் கோயில்களில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

கோயில்களுக்குள் கைபேசி கொண்டுபோகத் தடை விதித்து உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. எனவே ‘கைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொள்கிறேன்’ என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது. நெறியாளரின் தாள் தலைப்பில் கடிதம் வாங்கி, எந்த மண்டபம், எந்தத் தூண், என்ன கேமரா, எத்தனை நாள் என்று விவரமாக எழுதி, கோயில் செயல் அலுவலருக்கும் இந்து சமய அறநிலையத் துறை இணை ஆணையருக்கும் அனுப்புங்கள். ‘ஆய்வுக்காகப் புகைப்படம் எடுக்க அனுமதி வேண்டும்’ என்று ஒரு வரியில் எழுதிய கடிதம் மேசையிலேயே கிடக்கும். மார்கழியிலும் பிரம்மோற்சவத்தின் போதும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த நாட்களில் யாருக்கும் உங்களோடு நிற்க நேரமிருக்காது. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே ஒரு நாளில் உண்மையில் கிடைப்பது காலையில் சில மணி நேரமும் மாலை வெளிச்சம் போவதற்கு முந்தைய கொஞ்ச நேரமும்தான்.

செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதுபவர்களுக்கு வேறு ஒரு சிக்கல். உற்சவரைப் பட்டும் மாலையும் கவசமும் மூடியிருக்கும். முகமும் கையும் தவிர எதுவும் தெரியாது. இடைக்கச்சையின் முடிச்சையோ முதுகுப்புறத்து சிரச்சக்கரத்தையோ பார்க்காமல் காலம் கணிக்க முடியாது. அலங்காரத்தைக் களையச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமையும் இல்லை. இதற்குப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்புக்குப் போங்கள். 1950களின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த கோயில் படங்கள் அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பல திருமேனிகளை அலங்காரமின்றி அவற்றில்தான் காண முடியும். குருகிராமில் உள்ள அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் கலை, தொல்லியல் மையத்திலும் இதுபோன்ற பெரிய தொகுப்பு உண்டு.

மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் முக்காலி இல்லாமல் சாதாரணமாகப் படமெடுக்கப் பெரும்பாலும் தடையில்லை. முக்காலி, விளக்கு என்றால் வட்ட அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் உள் திருச்சுற்றின் சோழர் கால ஓவியங்களைப் போல மூடிவைத்த பகுதிகளுக்குத் தனி அனுமதி. அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

பட்டம் கிடைத்ததும் பதிவாளரிடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்க மறக்கக் கூடாது: ‘இந்த முனைவர் பட்டம் யுஜிசியின் இன்ன ஆண்டு ஒழுங்குமுறைப்படி வழங்கப்பட்டது’ என்பது. எந்த ஆண்டு ஒழுங்குமுறை என்பது நீங்கள் பதிவு செய்த தேதியைப் பொறுத்தது. பட்டச் சான்றிதழ் இருக்க இது எதற்கு என்று தோன்றும். விண்ணப்பப் படிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் இருக்கும், அங்கே கோப்பை ஏற்றாமல் அடுத்த பக்கம் திறக்காது.

4. உங்கள் மதிப்பெண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள்

பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு யார் யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்பதை 100 மதிப்பெண் அட்டவணை ஒன்று தீர்மானிக்கிறது. இளங்கலையில் 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 15, 60 முதல் 80க்குள் 13, 55 முதல் 60க்குள் 10, அதற்குக் கீழே 5. முதுகலைக்கு இதே வரிசையில் 25, 23, 20. முனைவர் பட்டத்துக்கு 30. ஜேஆர்எஃப் 7, நெட் 5, செட் 3. ஆய்வுக் கட்டுரைக்கு 2 வீதம் 10 வரை. கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை. விருதுக்கு 3 வரை.

எடுத்துக்காட்டு: இளங்கலை 58 சதவீதம், முதுகலை 65, முனைவர் பட்டம், நெட், மூன்று கட்டுரைகள், இரண்டாண்டு அனுபவம். 10 + 23 + 30 + 5 + 6 + 4 = 78. முனைவர் பட்டம் இல்லையென்றால் இவரே 48இல் நிற்பார். கட்டாயமில்லை என்ற சொல்லின் உண்மையான எடை இதுதான். இளங்கலையில் 60ஐ எட்டியிருந்தால் மூன்று மதிப்பெண் கூடியிருக்கும், அது ஒன்றரைக் கட்டுரைக்குச் சமம். இன்னும் இளங்கலை படித்துக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை அலட்சியம் செய்யாதீர்கள்.

இந்த மதிப்பெண் நேர்காணல் வாசல் வரைக்கும்தான். தேர்வு என்பது நேர்காணலை மட்டும் வைத்தே என்று ஒழுங்குமுறை சொல்கிறது. 78 வாங்கியவரும் 90 வாங்கியவரும் உள்ளே போனால் சமம்.

5. எதை எழுதினால் கணக்கில் வரும்

கலை வரலாற்றாளர்களின் நல்ல எழுத்து பெரும்பாலும் கண்காட்சிப் பட்டியல்களில்தான் வருகிறது. ஓர் ஓவியரின் ஐம்பதாண்டு உழைப்பை வைத்து நீங்கள் எழுதிய முப்பது பக்கக் கட்டுரைக்கு யுஜிசி அட்டவணையில் தனி வரிசையே இல்லை. அதில் ஐஎஸ்பிஎன் எண் இருந்து, பதிப்பாசிரியர் பெயரும் இருந்தால் நூல் அத்தியாயமாகக் காட்ட வாய்ப்புண்டு. ஆகவே காட்சிக்கூடம் உங்களிடம் கட்டுரை கேட்கும்போதே ஐஎஸ்பிஎன் போடுவீர்களா என்று கேளுங்கள். இது அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் கருத்துக்கு மதிப்பெண் கிடையாது.

பின்னாளில் இணைப் பேராசிரியர், பேராசிரியர் பணிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கும்போது வேறோர் அட்டவணை வரும். கலைப் புலங்களில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10, வெளிநாட்டுப் பதிப்பக நூலுக்கு 12, உள்நாட்டுப் பதிப்பக நூலுக்கு 10, நூல் அத்தியாயத்துக்கு 5, நூல் மொழிபெயர்ப்புக்கு 8. இணைப் பேராசிரியருக்கு 8 ஆண்டு அனுபவம், 7 வெளியீடுகள், 75 புள்ளிகள். பேராசிரியருக்கு 10 ஆண்டு, 10 வெளியீடுகள், 120 புள்ளிகள்.

யுஜிசி-கேர் என்ற ஆய்விதழ்ப் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதற்கு முன்பு வெளியான கட்டுரைகளுக்கு, வெளியான காலத்தில் அந்த இதழ் பட்டியலில் இருந்தது என்பதற்குத் திரைப்பிடி எடுத்து வைத்திருங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் அட்டை, உள்ளடக்கப் பக்கம், ஐஎஸ்எஸ்என் எண் உள்ள பக்கம், கட்டுரை ஆகிய நான்கையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். ‘மூன்று நாளில் வெளியிடுகிறோம், 2,500 ரூபாய் அனுப்புங்கள்’ என்று வரும் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். நேர்காணலில் அந்த இதழின் பெயரை வாசித்துவிட்டு நிபுணர் உங்களைப் பார்க்கும் பார்வை 2 மதிப்பெண்ணுக்கு மேல் செலவு வைக்கும்.

படங்களின் உரிமை வேறு. நல்ல இதழ்கள் ஒவ்வொரு படத்துக்கும் எழுத்து அனுமதி கேட்கும். அருங்காட்சியகங்கள் படத்துக்குக் கட்டணம் கேட்டால் மாதச் சம்பளம் கரையும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலும் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2019இலும் உரிமைக் காலம் முடிந்த கலைப்பொருள்களின் படங்களை யாரும் இலவசமாக வெளியிடலாம் என்று திறந்துவிட்டன. இரண்டிலும் சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. ஒப்பீட்டுப் படம் தேவைப்படும்போது முதலில் அங்கே தேடுங்கள்.

6. கௌரவ விரிவுரையாளராக இருக்கும் ஆண்டுகள்

நிரந்தரப் பணி கிடைக்கும் வரை நம்மில் பலருக்கும் இதுதான் பிழைப்பு. வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000க்கு மேற்படாமல் என்பது 2019இல் யுஜிசி வகுத்தது. கையில் வருவது பல இடங்களில் அதைவிடக் குறைவு, அதுவும் பருவம் முடிந்துதான்.

சிக்கல் பணத்தோடு நிற்பதில்லை. பிற்காலத்தில் பழைய பணிக்காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால், அதே தகுதிகளோடு, முறையான தேர்வுக் குழு மூலம், நிரந்தர ஆசிரியரின் மாத மொத்த ஊதியத்துக்குக் குறையாத ஊதியத்தில் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கியவர் இந்த நிபந்தனைகளைக் கடப்பது அரிது. ஒப்பந்தப் பணி ஒன்றும் கௌரவப் பணி ஒன்றும் ஒரே நேரத்தில் வந்தால், ஊர் தூரமாக இருந்தாலும் முழு ஊதிய ஒப்பந்தப் பணியை எடுங்கள்.

ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அனுபவச் சான்று வாங்குங்கள். பதவியின் பெயர், நாள் முதல் நாள் வரை, முழு நேரமா பகுதி நேரமா, ஊதியம், நடத்திய பாடம், எந்த முறையில் தேர்வானீர்கள் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். ‘நல்ல நடத்தை உடையவர், வாழ்த்துகள்’ என்று முடியும் பத்து வரிச் சான்று வீட்டுச் சுவருக்கு மட்டுமே ஆகும். கல்லூரி முதல்வர் மாறிவிட்டால் பழைய ஆண்டுக்குச் சான்று கேட்டு நடையாய் நடக்க வேண்டிவரும்.

7. விண்ணப்பிக்கும் வாரம்

மத்தியப் பல்கலைக்கழகங்களின் காலியிடங்களை சியூ-சயன் என்ற தளத்தில் ஒரே இடத்தில் பார்க்கலாம். பல பல்கலைக்கழகங்கள் சமர்த் தளத்தின் வழியே விண்ணப்பம் வாங்குகின்றன. பொதுவாக 500 முதல் 2,000 ரூபாய் வரை கட்டணம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் சில இடங்களில் பெண்களுக்கும் விலக்கு உண்டு. இணையத்தில் சமர்ப்பித்த பிறகு அச்சுப் பிரதியும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குத் தனிக் கடைசித் தேதி இருக்கும். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள்.

தமிழ்நாட்டவர்கள் அதிகம் சிக்கும் இடம் சாதிச் சான்றிதழ். நம் கையில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மத்திய அரசுப் பணியிடத்துக்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் அல்லாதவர் என்ற குறிப்போடு, தாசில்தார் வழங்கும் ஓபிசி சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களும் அதில் இல்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் செலவு அதிகமில்லை, ஆனால் விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வரவேண்டும். நடப்பு நிதியாண்டுச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே விளம்பரம் வருவதற்குக் காத்திராமல் ஒவ்வோர் ஏப்ரலிலும் புதுப்பித்துவிடுங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்று கேட்டு அன்றே மனுக் கொடுத்து, நகலில் வரவு முத்திரை வாங்குங்கள். சான்று நேர்காணல் நாள் வரை வராமல் போகலாம். முத்திரையுள்ள நகலும் ‘முன்நகல்’ என்று எழுதிய விண்ணப்பமும் இருந்தால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள்.

8. நேர்காணல்

துணைவேந்தர் அல்லது அவர் அமர்த்தியவர், வெளி நிபுணர்கள் மூவர், புலத் தலைவர், துறைத் தலைவர் ஆகியோர் எதிரே இருப்பார்கள். பல இடங்களில் பத்து நிமிட மாதிரி வகுப்பும் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு படம் போதும். நாற்பது படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறவர்களை நான் குழுவின் இந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டேன்; ஒன்றும் மனத்தில் நிற்பதில்லை.

மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தை எடுத்துக்கொண்டால், அர்ஜுனன் தபசா கங்கை இறங்கியதா என்ற சர்ச்சையில் தொடங்காதீர்கள். கீழே வலப்புறம் யானைக்கு அருகே பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கும் பூனையைக் காட்டுங்கள். அதைச் சுற்றி எலிகள். பிறகு மேலே பிளவுக்கு இடப்புறம், விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் அதே போலக் கைகளைத் தூக்கி நிற்கும் தவசியைக் காட்டுங்கள். இரண்டையும் ஒரே திரையில் வைத்தால் சர்ச்சை தானாக வந்துவிடும். நிபுணர் கேட்கப்போகும் கேள்வியும் நீங்கள் விரும்பிய கேள்வியாக இருக்கும்.

படத்தின் பின்னணி கறுப்பாக இருக்கட்டும், பழைய புரொஜெக்டரில் வெள்ளைப் பின்னணி சிற்பத்தை வெளுக்கடித்துவிடும். பொருளின் அளவையும் படம் எடுத்தவர் பெயரையும் கீழே போடுங்கள். கோப்பு பிடிஎஃப் ஆகப் பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. அசல் சான்றிதழ்களை விண்ணப்பத்தில் உள்ள வரிசையிலேயே அடுக்குங்கள். சரிபார்ப்பு மேசையில் இருக்கும் எழுத்தருக்கு அன்று உங்களைப் போல இன்னும் பலர்.

9. சேர்ந்த பிறகு பதவி உயர்வு

தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், ஊதிய நிலை 10. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டில் நிலை 11, இல்லையென்றால் 6. அடுத்து 5 ஆண்டில் நிலை 12, பிறகு 3 ஆண்டில் இணைப் பேராசிரியர், மேலும் 3 ஆண்டில் பேராசிரியர். எல்லாம் தடையின்றி நடந்தால் 15 ஆண்டுகள்.

தடை எங்கே வருமென்றால் பயிற்சி வகுப்பில். அறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் (ரெஃப்ரெஷர்) முடித்த சான்று இல்லாமல் கோப்பு நகராது. மாளவியா மிஷன் பயிற்சி மையங்கள் இவற்றை நடத்துகின்றன. கலை வரலாற்றுக்கென்று புத்தொளிப் பயிற்சி வருவது அபூர்வம், ஆகவே வரலாறு, பண்பாடு என்ற தலைப்பில் வருவதில் சேர்ந்துகொண்டு, அது உங்கள் பாடத்துக்கு ஏற்புடையதா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தகுதி நாளுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

10. துறைத் தலைவர் ஆனால்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இது சுழற்சிப் பொறுப்பு, பொதுவாக மூன்றாண்டு. முடிந்தால் இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு முன் ஏற்க வேண்டாம் என்பேன். சிறிய துறைகளில் அந்தத் தெரிவு கிடைப்பதில்லை.

நிதிக்கு ஒரே ஒரு நாள்தான் முக்கியம்: மார்ச் 31. அதற்குள் செலவு செய்து, ஜிஎஃப்ஆர் (அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று தராவிட்டால் அடுத்த தவணை வராது. வாங்குவதெல்லாம் அரசின் ஜெம் இணையச் சந்தை வழியாக என்பதால் ஜனவரியிலேயே தொடங்குங்கள்.

கல்விச் சுற்றுலாதான் நம் துறையின் பெரிய செலவு. அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இரண்டுக்கும் நடுவில் அவுரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) மாணவர்களோடு ஒரு நாள் வீணாக உட்காராதபடி புதனிலிருந்து திட்டமிடுங்கள். டெல்லி தேசிய அருங்காட்சியகம் திங்கள், சென்னை அரசு அருங்காட்சியகம் வெள்ளி. பெற்றோர் ஒப்புதல், உடன் வரும் ஆசிரியை, முன்பணம் எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பில் ஆணை வாங்குங்கள். முன்பணம் உங்கள் பெயரில்தான் வரும். கணக்கு முடிக்காவிட்டால் உங்கள் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள், ஆகவே நுழைவுச்சீட்டு வரை எதையும் எறியாதீர்கள்.

ஒருநாள் யாராவது ஒருவர் ‘தாத்தா வீட்டில் இருந்தது, துறைக்குக் கொடுக்கிறேன்’ என்று துணியில் சுற்றிய பழைய சிலையோடு வருவார். கைநீட்டி வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள். எழுபத்தைந்தாண்டு கடந்த ஓலைச்சுவடிக்கும் சட்டம் பொருந்தும். பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் அவரையே போகச் சொல்லுங்கள். பொருள் உங்கள் மேசையில் ஓர் இரவு இருந்தாலும், பிற்பாடு அது ஏதோ ஒரு கோயிலின் காணாமற்போன பட்டியலில் இருந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பொறுப்பை ஏற்கும் நாளில் துறையின் இருப்புப் பதிவேட்டை முந்தைய தலைவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்: நூல்கள், பழைய 35 மிமீ ஸ்லைடுகள், கேமரா, மாணவர் விட்டுப்போன ஓவியங்கள், அரைகுறையாகக் கிடக்கும் முன்பணங்கள். இல்லாதவற்றை ‘இல்லை’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒரு நகலைப் பதிவாளருக்கு அனுப்புங்கள். ஸ்லைடு பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும் எண்ணிக்கையை நம்பாமல் திறந்து எண்ணிப் பாருங்கள். பொறுப்பை விடும்போதும் இதே பட்டியலை வைத்துப் புதியவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.